தினமும் 80 கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பயன்படுத்திய செடான் கார்: எதைப் பார்த்து வாங்குவது?

வெள்ளவத்தைப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில் இருந்து கட்டுநாயக்க முதலீட்டு வலயத்துக்கு வாரத்தில் ஐந்து நாட்கள் வேலைக்குப் போய் வருகிறேன். பேஸ்லைன் வீதியால் போய், புதிய களனிப் பாலத்தைக் கடந்து, பேலியகொடையில் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறினால் ஒரு வழிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வருகிறது. அதில் 25 கிலோமீற்றர் தடையில்லாமல் ஓடும். மிச்சமுள்ள பதினைந்து கிலோமீற்றர்தான் காலையிலும் மாலையிலும் உயிரை வாங்குகிறது. இதுவரை சிறிய 1000 சீசீ கார் ஒன்றில் ஓடினேன். ஆறு மாதங்களாக இடுப்பு நோவு தொடங்கியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவையும் யாழ்ப்பாணம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முழங்கால் வருத்தம் உள்ளவர் என்பதால் ஏறி இறங்குவதே அவருக்குப் பெரும் பாடு.

டொயோட்டா அலியன் 260, டொயோட்டா அக்சியோ ஹைபிரிட், எஃப்டி வகை ஹொண்டா சிவிக், ஹொண்டா கிரேஸ் ஆகிய நான்கையும் மனதில் வைத்திருக்கிறேன். புதிய வாகனம் என் வசதிக்கு எட்டாது. சொகுசாகவும் இருக்க வேண்டும், நடுவழியில் நிறுத்திவிடாமலும் இருக்க வேண்டும். இவற்றில் எதை எடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கொட்டாஞ்சேனைக் கராஜ்:

தம்பி, உங்கள் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் பதில் தெளிவாகும். எந்த மொடல் என்பதைவிட எந்தக் கார் என்பதே இன்று பெரிய கேள்வி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இருந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே இன்று சந்தையில் உள்ள ஒரு 2012ஆம் ஆண்டு அலியனும் இன்னொரு 2012ஆம் ஆண்டு அலியனும் பெயரில் மட்டுமே ஒன்று. ஒன்று நல்ல கையில் வளர்ந்திருக்கும். மற்றது நான்கு வீடு மாறி, நான்கு வீட்டிலும் எண்ணெய் மாற்றாமல் ஓடியிருக்கும்.

நான் வாகனம் பார்க்கப் போகும்போது குறைகளை இரண்டு குவியலாகப் பிரிப்பேன். முதலாவது, காசு கொடுத்தால் புதிதாகிவிடும் குறைகள்: தேய்ந்த ரப்பர் புஷ், எண்ணெய் கசியும் ஷொக் அப்சோபர், அமுங்கிய எஞ்சின் மவுண்ட், பழைய டயர், இரைச்சல் போடும் சில்லு பெயரிங். இவற்றால் கார் மாட்டுவண்டிபோல் ஆடும், கடகடவென்று சத்தம் போடும், ஓட்டிப் பார்ப்பவர் பயந்து ஓடிவிடுவார். ஆனால் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்கி இரண்டு மூன்று நாள் வேலை செய்தால் அது பழைய சொகுசுக்கு வந்துவிடும். இரண்டாவது குவியல், காசு கொடுத்தாலும் முழுமையாகத் தீராதவை: அடிபட்டு நிமிர்த்திய சட்டகம், வெள்ளத்தில் மூழ்கிய வயறிங், உள்ளே தேய்ந்துபோன கியர் பொக்ஸ், கீழே ஊறிய துரு. இவற்றில் பல, மினுக்கிக் கழுவிய காரில் ஓட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்துக்குள் தெரியவே தெரியாது. சனங்கள் பெரும்பாலும் முதற் குவியலைக் கண்டு நல்ல காரை விட்டுவிட்டு, இரண்டாவது குவியல் ஒளிந்திருக்கும் காரை வாங்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோனதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

தெஹிவளை வாசகி:

நான் ஏழு ஆண்டுகளாக அலியன் 260 ஓட்டுகிறேன். அப்பாவுக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்த பின்னரும் அவரை அந்தக் காரில்தான் யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிச் சென்று வந்தோம் என்பதால், பின்னிருக்கையைப் பற்றி நம்பிச் சொல்ல முடியும். அலியன், அதன் இணைக் காரான பிரீமியோ இரண்டுக்கும் முன் பின் அச்சுகளுக்கு இடையிலுள்ள தூரம் 2700 மில்லிமீற்றர். கொரோலா அக்சியோவுக்கும் கிரேஸுக்கும் அது 2600. அந்த நூறு மில்லிமீற்றரில் பெரும் பகுதி பின்னால் அமர்பவரின் முழங்காலுக்கு முன்னால்தான் கிடைக்கிறது. எங்கள் காரில் பின் சாய்மானத்தையும் சற்றுச் சரிக்கலாம். அநுராதபுரம் தாண்டியதும் அப்பா அப்படியே உறங்கிவிடுவார்.

குறையும் இருக்கிறது. அகலம் 1695 மில்லிமீற்றர்தான், ஏனென்றால் ஜப்பானில் 1700ஐத் தாண்டினால் வாகனம் வேறு வகுப்புக்குப் போய்விடும். வெள்ளவத்தையின் குறுக்கு வீதிகளில் அது வரம். பின்னால் மூன்று பெரியவர்கள் அமர்ந்தால் தோள்கள் இடிக்கும். கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு 10 முதல் 11 கிலோமீற்றர் வரையும், நெடுந்தூரத்தில் 15 வரையும் எனக்குக் கிடைக்கிறது.

வத்தளை நண்பன்:

நான் அக்சியோ ஹைபிரிட் பக்கம் நிற்கிறேன். கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 80 கிலோமீற்றர், மாதத்தில் 22 நாட்கள் என்றால் 1760 கிலோமீற்றர். லீற்றருக்கு 12 ஓடும் காருக்கு 147 லீற்றர் வேண்டும். 18 ஓடும் காருக்கு 98 லீற்றர் போதும். மாதம் 49 லீற்றர் மிச்சம், ஆண்டுக்கு ஏறக்குறைய 590 லீற்றர். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். குறியீட்டோடு கோட்டாப் பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இந்த எண்ணின் பெறுமதி விளங்கும். நெரிசலில்தான் ஹைபிரிட் தன் வேலையைக் காட்டும்: பேஸ்லைன் வீதியில் கார் ஊரும்போது எஞ்சின் பெரும்பாலும் நின்று மின்மோட்டரே ஓட்டும், காருக்குள் அமைதியாக இருக்கும்.

பற்றரியைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். அந்தப் பயம் வெறும் கதையல்ல. பின்னிருக்கையின் கீழ் இருக்கும் நிக்கல் பற்றரிக்குக் காற்றை இழுக்கும் வழி இருக்கையின் ஓரத்தில் இருக்கிறது. அதைப் பைகளாலும் துணிகளாலும் மூடிவைத்தவர்களின் பற்றரி விரைவில் களைத்துவிடும். தூசு படிந்த விசிறியைத் துப்புரவாக்காமல் விட்டாலும் அதுவே நடக்கும். வாங்கும்போது கணினியைப் பொருத்தி, ஓடும்போது ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பழுதான ஓரிரண்டு தொகுதிகளை மட்டும் மாற்றி எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு விற்கிறார்கள். மற்றவையும் அதே வயதுடையவை என்பதால் சில மாதங்களில் விளக்கு மறுபடி எரியும்.

கொஹுவலை வாசி:

சொகுசு என்பது இருக்கையின் மென்மை மட்டுமல்ல என்று சொல்ல விரும்புகிறேன். அதிவேக நெடுஞ்சாலையில் 100இல் போகும்போது பக்கக் காற்று அடித்தாலும் கார் தடத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுபவர் ஒவ்வொரு கணமும் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருப்பார், வீடு வந்து சேரும்போது தோளும் கழுத்தும் கல்லாகியிருக்கும். எஃப்டி சிவிக்கின் அகலமும் 2700 அச்சுத் தூரமும் 1.8 எஞ்சினும் அந்த வேகத்தில் தரும் நிதானம், நான் ஓட்டிய 1.5 லீற்றர் கார்கள் எதிலும் இல்லை. இடுப்பு நோவு உள்ளவருக்கு, தொடைக்கு நீளமாகத் தாங்கல் கொடுக்கும் அதன் முன்னிருக்கையும் உதவும்.

கொட்டாஞ்சேனைக் கராஜ்:

கொஹுவலை நண்பர் சொல்வது நியாயம்; நெடுஞ்சாலையில் சிவிக் நன்றாகத்தான் நிற்கும். ஆனால் தம்பியின் அம்மாவை நினைத்துப் பாருங்கள். அந்தக் காரின் உயரம் 1440 மில்லிமீற்றர், இருக்கையும் அதற்கேற்பத் தாழ்வானது. முழங்கால் வருத்தம் உள்ளவருக்குத் தாழ்ந்த இருக்கையில் இருந்து எழும்புவதுதான் நரகம். இருக்கையின் உயரம் முழங்காலுக்குச் சற்று மேலே வந்தால், உடலை நகர்த்தி இறங்கிவிடலாம். ஆகவே எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னரே அவரைப் பின்னால் ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஐந்தாவது முறை அவருடைய முகம் சொல்வதை எந்த விளம்பரமும் சொல்லாது.

இனிக் கியர் பொக்ஸ். உங்கள் ஓட்டத்தில் 15 கிலோமீற்றர் நெரிசல் என்பதால் இதுதான் நம்பகத்தின் நடு நரம்பு. கிரேஸ் ஹைபிரிட்டில் இருப்பது உலர் இரட்டைக் கிளச்சோடு கூடிய ஏழு கியர் தொகுதி. அதே வகைத் தொகுதியோடு வந்த ஹொண்டா பிட் ஹைபிரிட் 2013, 2014 ஆண்டுகளில் ஜப்பானில் பலமுறை மீளழைக்கப்பட்டது. கிரேஸ் வந்தது 2014 டிசம்பரில். நன்றாக ஓடும் கிரேஸ்கள் நிறைய உண்டு. ஆனாலும் ஊர்ந்து ஊர்ந்து போகும் ஓட்டத்தில் கிளச் சூடேறும் என்பது அந்த அமைப்பின் இயல்பு. அக்சியோ ஹைபிரிட்டில் கிளச்சும் இல்லை, பெல்ட்டும் இல்லை; மின்மோட்டரும் எஞ்சினும் பற்சில்லுகளால் இணைந்திருக்கின்றன. அந்த அளவில் வத்தளை நண்பருடன் உடன்படுகிறேன்.

1.5 அலியன் 260இல் சிவிடி, அதாவது கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டால் இயங்கும் ஒட்டோ பொக்ஸ். எண்ணெயைக் காலத்துக்குக் காலம் மாற்றியிருந்தால் நெடுநாள் உழைக்கும். "வாழ்நாள் எண்ணெய்" என்று நம்பி மாற்றாமல் விட்டவர்களின் பொக்ஸ்தான் கராஜுக்கு வருகிறது. நான் 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வேன். சோதிக்கும்போது குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். அதன் பிறகு 20க்கும் 40க்கும் இடையில் மெதுவாக வேகம் கூட்டும்போது நடுக்கம் வருகிறதா, ஏற்றத்தில் ரிவர்ஸ் கியரில் ஏறத் தயங்குகிறதா என்று பாருங்கள். விற்பவர் சூடாக்கவே விடாவிட்டால், அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன்: ஜி11 நிசான் புளூபேர்ட் சில்பி, 1.5 எஞ்சின். அச்சுத் தூரம் அலியனைப் போலவே 2700, உயரம் 1510, பின்னால் கால் நீட்டத் தாராளமான இடம். காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் இல்லை, சங்கிலி. பழைய முறை நான்கு கியர் ஒட்டோ பொக்ஸ். அதே எஞ்சின் நிசானின் டீடாவிலும் விங்ரோட்டிலும் இருப்பதால் பாகங்கள் தேடி அலைய வேண்டியதில்லை. பார்ப்பதற்கு வயதான வாத்தியார்போல் இருக்கும் என்பதால் இளைஞர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நெடுஞ்சாலையில் 100இல் எஞ்சின் சத்தம் சிவிடியைவிடச் சற்று அதிகம் கேட்கும். மறுவிற்பனையும் டொயோட்டாபோல் விரைவாக நடக்காது.

வெள்ளவத்தைப் பயணி:

மிக்க நன்றி. சில்பியை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இன்னும் இரண்டு விடயங்கள். ஓடிய தூரத்தை எப்படி நம்புவது? இருக்கையைத் தவிர, சொகுசைக் கூட்ட வாங்கிய பிறகு என்ன செய்யலாம்?

பம்பலப்பிட்டி லீசிங்:

நான் லீசிங் பிரிவொன்றில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். மீற்றரை நம்பாதீர்கள், தாள்களை நம்புங்கள். தாள்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்ட பிறகே நம்புங்கள். ஜப்பானிய ஏல அறிக்கை, கார் அங்கே ஏலத்துக்கு வந்த நாளில் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லும். 2014இல் 4.5 தரம் பெற்ற கார் அதன் பிறகு இங்கே என்ன பாடுபட்டது என்பதற்கு அது சாட்சியல்ல. ஆனாலும் இரண்டு பயன்கள் உண்டு: தரத்துக்குரிய இடத்தில் ஆர் என்ற எழுத்து இருந்தால் அது அங்கேயே அடிபட்டுத் திருத்தப்பட்ட கார், அறிக்கையில் உள்ள கிலோமீற்றரோடு இங்குள்ள பராமரிப்புப் பதிவுகளைத் திகதிவாரியாக அடுக்கினால், எண்ணிக்கை எங்காவது பின்னோக்கிப் போயிருக்கிறதா என்று தெரிந்துவிடும். மீற்றர் 70,000 காட்டும் காரில் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்தும் ஸ்டியரிங் பளபளத்தும் இருந்தால், மீற்றரைவிட மிதியே உண்மை பேசுகிறது.

பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருந்தால், விடுவிப்புக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பதிவான உரிமையாளர் ஒருவர், விற்பவர் இன்னொருவர், இடையில் கையொப்பமிட்ட வெற்றுப் படிவம் என்ற கதையாக இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். அடிச்சட்ட இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் சான்றிதழோடு நேரில் ஒப்பிட்டு, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவையும் பார்த்த பின்னரே முற்பணம் கொடுங்கள்.

தெஹிவளை வாசகி:

சொகுசுக் கேள்விக்கு டயரில் இருந்து தொடங்குகிறேன். பலர் அழகுக்காக 17 அங்குல வளையம் போட்டு விற்கிறார்கள். 195/65 அளவுள்ள 15 அங்குல டயரின் பக்கச் சுவர் 127 மில்லிமீற்றர். 205/50 அளவுள்ள 17 அங்குல டயருக்கு அது 102.5தான். குழியில் விழும்போது அதிர்ச்சியை முதலில் வாங்குவது அந்தச் சுவர். எங்கள் காரும் வாங்கும்போது பெரிய வளையத்தோடுதான் வந்தது. பழைய அளவுக்கு மாற்றிய அன்றே அப்பா வித்தியாசத்தைச் சொல்லிவிட்டார். டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மேலே பூ நன்றாக இருந்தாலும் பழைய டயர் இறுகிவிடும். இரைச்சலும் கூடும், மழையில் பிடிமானமும் குறையும்.

இடுப்புக்கு நான் கற்றது: சாய்மானத்தை அதிகம் சரிக்காமல், பிரேக்கை முழுதாக அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடிந்திருக்கும்படி இருக்கையை முன்னே இழுத்து, இடுப்பின் வளைவில் சிறு தலையணை வைப்பது. கட்டுநாயக்கவில் இறங்கியதும் ஐந்து நிமிடம் நடந்தால் அது இன்னும் உதவும்.

வெள்ளவத்தைப் பயணி:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கடுவெலைப் பக்கம் ஒரு அலியன் 260 பார்த்தேன். வெள்ளை நிறம், பளிங்குபோல் இருந்தது; நான் தனியாகப் போயிருந்தால் அன்றே முற்பணம் கொடுத்திருப்பேன். கராஜ் ஐயா சொன்ன ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன். அவர் சீற் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தார்; அடி நுனியில் மண்ணிறக் கோடு ஒன்று நேராகப் படிந்திருந்தது. மேலதிகச் சில்லு வைக்கும் குழியின் மூலையில் வண்டல் காய்ந்திருந்தது, முன்னிருக்கைத் தண்டவாளத்தின் ஆணிகள் எல்லாம் துரு. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோது மூழ்கிய பகுதிகளில் கடுவெலையும் ஒன்று. அந்தக் கார் எந்த வெள்ளத்தைக் கண்டது என்று எனக்குத் தெரியாது. கண்டது என்பது மட்டும் உறுதி.

அடுத்து, கொட்டாவையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 2010ஆம் ஆண்டு சில்பி. முன் வலது கதவில் கீறல், முன் பக்கத்தில் கடகடச் சத்தம், டயர் நான்கும் பழசு. ஆனால் இங்கே பதிவானது முதல் ஒரே உரிமையாளர்; பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணெய் மாற்றமும் அவருடைய கையெழுத்தில் இருக்கிறது. கியர் பொக்ஸ் சூடான பிறகும் தடங்கலில்லாமல் மென்மையாக மாறியது. ஏ.சி.யைப் போட்டு உச்சி வெயிலில் ஹைலெவல் வீதி நெரிசலில் அரை மணி நேரம் நின்றோம். சூட்டு முள் அசையவில்லை. அம்மா ஐந்து முறை ஏறி இறங்கினார். நான்காவது முறை கதவின் மேற்கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை. அதை வாங்கிவிட்டேன்.

முன் சில்லுகளைத் தாங்கும் கீழ்க் கைகளின் புஷ், நான்கு ஷொக், ஒரு எஞ்சின் மவுண்ட், நான்கு டயர், கியர் எண்ணெய் எல்லாம் மாற்றியாயிற்று. சத்தம் அடங்கிவிட்டது. 100இல் போகும்போது மட்டும் ஸ்டியரிங்கில் மெல்லிய அதிர்வு ஒன்று வருகிறது, 80இல் இல்லை.

கொட்டாஞ்சேனைக் கராஜ்:

நல்ல காரைத்தான் எடுத்திருக்கிறீர்கள் தம்பி. 80இல் இல்லாமல் 100இல் மட்டும் வந்தால் பெரும்பாலும் சில்லுச் சமநிலைதான்; டயர் போட்ட இடத்திலேயே முன்னிரண்டையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது அதிர்வு கூடினால் மட்டும் பிரேக் தட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: இனிமேல் அந்தக் கார் வெள்ளவத்தைக் கடலோர உப்புக் காற்றில் நிற்கப்போகிறது. மரைன் டிரைவ் ஓரம் நிற்கும் கார்களின் ஏ.சி. கண்டன்சரும் கதவின் அடி விளிம்பும்தான் முதலில் அரிக்கும். கிழமைக்கு ஒருமுறை அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். அந்தக் கீறலை மழைக்காலத்துக்கு முன்னர் மூடிவிடுங்கள். 5000 கிலோமீற்றர் ஓடியதும் சில்லு அலைன்மென்ட் மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் புதிய புஷ் அதற்குள் தன் இடத்தில் அமர்ந்துவிடும். உங்கள் ஓட்டத்துக்கு அது மூன்று மாதத்தில் வந்துவிடும்.